மாத்துக்கு ஆள்

அரைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. மாவு மில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், மடியில் என் கைப்பை, காலடியில் ஆவுடையம்மாளின் துணிப்பை. சும்மா உட்கார்ந்திருக்கிறவளை ஏன் என்று கேட்காத இடம் ஊருக்கு ஒன்றிரண்டுதான் இருக்கும், மாவு மில் அதில் ஒன்று என்று நினைத்துத்தான் இங்கே வந்தேன். ஆனால் தலையில் துண்டு கட்டி, புருவமெல்லாம் வெளுத்து நிற்கிற மில்லுக்கார அக்கா இதற்குள் இரண்டு தடவை கேட்டாகிவிட்டது. "உங்களுக்கு என்னம்மா அரைக்கணும்?" முதல் தடவை, ஆள் வரணும் என்றேன். அடுத்த தடவை சிரித்துவைத்தேன். இன்னொரு தடவை கேட்டால் பக்கத்துக் கடையில் கொஞ்சம் கோதுமை வாங்கிவந்து கொடுத்துவிட வேண்டியதுதான். அரிசி, கேப்பை, கோதுமை எல்லாம் முதலில் போகிறது. மிளகாய் கொண்டுவந்தவர்கள் கடைசிவரை காத்திருக்க வேண்டுமாம், மிளகாய் ஓடிய பிறகு வேறு எதைப் போட்டாலும் காரம் ஏறிவிடும். எனக்குப் பக்கத்தில் மிளகாய் டப்பாவை அணைத்துக்கொண்டு ஒரு பெண் என்னைவிடப் பொறுமையாக இருக்கிறாள். எதிரே, ஒரு ஆட்டோ வந்தால் ஆட்கள் வீட்டு நடையில் ஏறி நிற்க வேண்டிய இந்தத் தெருவுக்கு அந்தப் பக்கம், பச்சை அடித்த கதவு. அதை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை, உள்ளே விசைத்தறி ஓடுகிறது. சங்கரன்கோவிலில் இந்தப் பக்கத்துத் தெருக்கள் எல்லாமே இப்படித்தான் சடசடவென்று கிடக்கின்றன. மில்லும் சேர்ந்து ஓடும்போது என் நெஞ்சு அடித்துக்கொள்வது எனக்கே கேட்கவில்லை, அது ஒரு வசதி. பச்சைக் கதவுக்கு உள்ளே ஆவுடையம்மாள் இருக்கிறாள். பதினோரு வருஷம் கழித்துத் தம்பி வீட்டுக்குள் போயிருக்கிறாள். அவளை அவர்கள் வைத்துக்கொள்வார்களா, இல்லை நான் திரும்பக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமா என்பது இந்த ஒரு மணி நேரத்தில் ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

இந்த ஒரு மணி நேரம் என் சொந்த ஏற்பாடு, எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. பாளையங்கோட்டைக்கு வெளியே இருக்கிற எங்கள் இல்லத்தில், தெருவிலிருந்து கூட்டிவரப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள், மனம் தெளிந்தும் போக இடமில்லாமல் வருஷக்கணக்காக இருக்கிறவர்கள். அவர்களுக்கு வீட்டைக் கண்டுபிடித்து, வீட்டாரிடம் பேசி, கொண்டுபோய் விட்டு, விட்ட பிறகும் போய்ப் போய்ப் பார்ப்பது என் வேலை. கேஸ் மேனேஜர் என்று பெயர். கொண்டுபோய் விடும் நாளில் நான் கூடவே உட்கார்ந்திருந்தால் எல்லாரும் எனக்காக நடிப்பார்கள். வந்தவள் நடிப்பாள், வீட்டில் இருக்கிறவர்கள் நடிப்பார்கள், நானும் காப்பி நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பேன். அதனால் கொஞ்ச நேரத்தில் "ஒரு போன் பேசிட்டு வாரேன்" என்று எழுந்துவிடுவேன். போன் ஒன்றும் கிடையாது. தெருவில் எங்கேயாவது போய் உட்கார்ந்துகொள்வேன். பையை மட்டும் என்னோடு எடுத்து வந்துவிடுவேன். பை உள்ளே போய்விட்டால் வீட்டாருக்கு மனசில் எல்லாம் முடிந்துபோகும், ஒன்று தலையெழுத்தே என்று வைத்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் பையைப் பார்த்துப் பார்த்தே கசந்துபோவார்கள். ஒரு தடவை கோவில்பட்டியில் இப்படி நான் எழுந்து வந்த பிறகு, வந்தவளை முன்வாசலில் உட்கார வைத்துவிட்டுக் குடும்பமே பின்வாசல் வழியாகக் கிளம்பிப் போய்விட்டது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வரவில்லை. ஆவுடையம்மாள் உள்ளே என்ன செய்துகொண்டிருப்பாள். கக்கூஸுக்குப் போக யாரிடம் அனுமதி கேட்பாள். எங்களிடம் கேட்டுக் கேட்டுப் பழகியவள். சாப்பிட்டதும் தட்டைக் கழுவிச் சுவரோரம் கவிழ்த்துவிட்டு அதன் பக்கத்திலேயே நிற்பாள், போகலாம் என்று யாராவது சொல்லும்வரை நிற்பாள். வீட்டில் அப்படியெல்லாம் யாரும் சொல்ல மாட்டார்கள், நீங்களே போகலாம் என்று சொல்லிக்கொடுத்தேனா? சொன்னேன். தலையாட்டினாள். எதற்குத்தான் அவள் தலையாட்டவில்லை.

தென்காசி பஸ் ஸ்டாண்டில் பெருக்கிக்கொண்டிருந்தாளாம். யாரும் சொல்லாமல், பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே, ஒரு உடைந்த துடைப்பத்தை வைத்துக்கொண்டு. கூட்டிவந்தவர்கள் சொன்னது. ஒரு வருஷம் பேச்சே இல்லை. பிறகு மாத்திரை பிடித்துக்கொண்டது, பேச்சு வந்தது, ஊர் மட்டும் வரவில்லை. கேட்டால் "தெரியலையே மேடம்" என்று என்னைப் பார்த்து வருத்தப்படுவாள், அவளுக்கு ஊர் இல்லை என்று அல்ல, எனக்குப் பதில் கிடைக்கவில்லையே என்று. போன ஆடியில் டி.வி.யில் சங்கரன்கோவில் ஆடித்தபசு காட்டினார்கள். மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, "இந்தக் கொட்டுச் சத்தம் எங்க வீட்டுல படுத்திருந்தாலே கேக்கும்" என்றாள். அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தது, தறி, பச்சைக் கதவு, முப்புடாதி என்கிற தம்பி. கதவுக்கு இன்னும் பச்சைதான் அடித்திருக்கிறார்கள். காலையில் அதைப் பார்த்ததும் நான்தான் தெருவிலேயே நின்றுவிட்டேன், அவள் சாதாரணமாகச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். வீட்டுக்குப் போறீங்களா என்று கிளம்புவதற்கு முன்னால் கேட்டேன். "நீங்க சொல்லுங்க மேடம்." இன்னொரு நாள் தோட்டத்தில் தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். "நீங்க சொல்லுங்க மேடம்." அவர்களுடைய விருப்பத்தைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள் என்று பயிற்சி வகுப்பில் சொல்கிறார்கள், குளிரூட்டிய அறையில். சோறு நாங்கள் சொன்ன நேரம், தூக்கம் நாங்கள் சொன்ன நேரம், தலை வாருவதுகூட நாங்கள் சொன்ன கிழமை என்று ஆக்கிவிட்டு, ஒரு நாள் திடீரென்று உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் எதை எடுத்து நீட்டுவாள் அந்தப் பிள்ளை. பிள்ளை என்கிறேன். என்னைவிட மூத்தவள்.

விருப்பம் தெளிவாக இருந்தது தனம் அக்காவுக்குத்தான். படுக்கையில் இருக்கிறவர்களின் வார்டைப் பார்த்துக்கொள்பவள். "எப்சிபா மேடம், அவளைக் கொண்டுபோயிட்டா என் வார்டை யாரு தூக்கி நிறுத்துவா? நீங்க வந்து குளிப்பாட்டுவீங்களா?" என்று மூஞ்சியில் அடித்த மாதிரிக் கேட்டாள். கேட்டதில் தப்பில்லை. வெளியே யாரும் அறியாத ஒரு சங்கதி இது. எந்த இல்லமானாலும் அதைத் தூக்கி நிறுத்துவது அங்கே வைத்தியத்துக்கு வந்து தேறியவர்கள்தான். நன்றாகத் தேறியவள் சமையலுக்குப் போவாள், அதைவிட நன்றாகத் தேறியவள் மற்றவர்களைக் குளிப்பாட்டுவாள், எல்லாரையும்விட நன்றாகத் தேறியவளை வீட்டுக்கு அனுப்ப யாருக்கும் மனசு வராது. தேறாதவளை வீடு ஏற்காது, தேறியவளை நாங்கள் விட மாட்டோம், பிறகு யாரைத்தான் நான் கொண்டுபோய் விடுவது. லூர்தம்மா என்று ஒரு பாட்டி, ஆவுடையம்மாள் கையால் ஊட்டினால்தான் வாயைத் திறப்பாள். இன்றைக்கு மத்தியானம் தனம் அக்கா கிண்ணத்தை வைத்துக்கொண்டு கெஞ்சிக்கொண்டிருப்பாள். அதை நினைத்தால் எனக்குள்ளே ஒரு மூலையில், இவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றுகிறது. தோன்றுவது தோன்றிவிட்டுப் போகட்டும். தோன்றுவதற்கெல்லாம் ஆளைத் தூக்கில் போட முடியாது. சாயங்கால பஸ்ஸில் அவள் ஜன்னலோரம், நான் பக்கத்தில், லூர்தம்மா ராத்திரி சாப்பிடுவாள். எல்லாருக்கும் சௌகரியம். மிளகாய்க்காரப் பெண் தும்முகிறாள், எனக்கும் வருகிறது, மில்லில் இருக்கிற அத்தனை பேரும் அடுத்தடுத்துத் தும்முகிறோம், சொல்லிவைத்த மாதிரி.

அந்த வீட்டு வாடை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை, மிளகாயையும் மீறி. உள்ளே நுழைந்ததுமே தெரிந்துவிட்டது. மூத்திரம், டெட்டால், அதற்கு அடியில் இன்னொன்று, படுக்கைப் புண்ணின் வாடை, அது தனி, தெரிந்தவர்களுக்குத் தெரியும். கூடத்தில் கட்டிலில் ஆவுடையம்மாளின் அம்மா. பக்கவாதம், ஒரு பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, ரெண்டு வருஷம் என்று தம்பி போனிலேயே சொல்லியிருந்தான். அம்மா உயிரோடு இருக்கிறாள், மகளைப் பார்க்கப் போகிறாள் என்று நான் சந்தோஷப்பட்டேன், இல்லத்தில் எல்லாருக்கும் சொன்னேன், தனம் அக்காகூட அதைக் கேட்டுக் கொஞ்சம் இறங்கி வந்தாள். நேரில் அந்த முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கண் திறந்திருந்தது, அது மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆவுடையம்மாள் கட்டில் பக்கம் போய், கும்பிடவில்லை, அழவில்லை, அம்மா என்று கூப்பிடவில்லை. போர்வையைத் தூக்கி முதுகுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தாள். வார்டில் காலையில் செய்கிற மாதிரி. தம்பி பெண்டாட்டி செண்பகவல்லி காப்பித் தம்ளரோடு வந்தவள் அதைப் பார்த்து அப்படியே நின்றாள். முகம் வற்றிப்போன பெண், சேலையை இடுப்பில் இழுத்துச் செருகியிருந்தாள், காப்பியை என் கையில் கொடுத்தபோது அவள் விரல்கள் சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்திருந்தன. "மைனி, முதல்ல உக்காருங்க" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். தம்பி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். அவள் தரையில், வாசல் பக்கமாக உட்கார்ந்தாள். அந்த இடத்தில்தான் நான் போன் பேசக் கிளம்பி வந்தேன். இருந்திருக்கலாமோ. தன் அம்மா என்று அவளுக்குத் தெரிந்ததா, அதுதான் என்னைப் பிறாண்டுகிறது. தெரியவில்லை என்றால் நான் அவளை எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறேன், ஒரு வார்டிலிருந்து இன்னொரு வார்டுக்கா.

எங்கள் வீட்டிலும் ஒரு கட்டில் இருக்கிறது, சுரண்டையில். எங்கள் அம்மா. நாங்கள் நாலு பேர், எல்லாரும் விசாரிப்பவர்கள். அண்ணன் சென்னையிலிருந்து விசாரிப்பான், தங்கை துபாயிலிருந்து வீடியோவில் விசாரிப்பாள், நான் வாரா வாரம் ஆரஞ்சுப் பழத்தோடு போய் விசாரிப்பேன். அம்மாவைப் பார்த்துக்கொள்வது ரூபி அக்கா. கல்யாணம் ஆகாதவள். ஏன் ஆகவில்லை என்பதற்கு ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொல்வோம், யாரும் யாருடைய காரணத்தையும் மறுக்க மாட்டோம். சொந்தக்காரர்கள், சர்ச்சில் இருக்கிறவர்கள், யார் கேட்டாலும் எங்களிடம் ஒரே பதில்தான், "ரூபி இருக்கால்லா." அம்மாவுக்கு யார்? ரூபி இருக்கா. கிறிஸ்மஸுக்கு வரமுடியாதே? ரூபி இருக்கா. ரூபி எங்கே இருக்கிறாள் என்று நாங்கள் பார்த்ததில்லை. அன்பு என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். அன்பு இல்லாமலும் இல்லை, ராத்திரி அம்மாவுக்கு முடியாமல் போனால் ரூபி அக்கா பக்கத்தில் படுத்துக்கொண்டு பைபிள் சங்கீதம் சொல்வாள், வேறு யாருக்கும் அந்தப் பொறுமை வராது. இதையே வேறொரு வீட்டில், என் கேஸாகப் பார்த்தால் நான் என்ன எழுதுவேன் என்று ஒரு தடவை யோசிக்கப் பார்த்தேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன். மற்ற எல்லா வீட்டையும் என்னால் தள்ளி நின்று பார்க்க முடிகிறது. அதற்குத்தானே என்னைப் படிக்கவைத்து வேலைக்கு வைத்திருக்கிறார்கள். போன வாரம் ரூபி அக்கா என்னிடம், பஜாருக்குப் போய்ச் செருப்பு எடுக்கணும், ரெண்டு மணி நேரம் இருந்து பாத்துக்கிடுதியா என்று கேட்டாள். எனக்குப் பஸ் இருந்தது. இப்படி ஒரு மகளைப் பற்றி அரைமணி நேரம் நினைத்துக்கொண்டிருக்கிறேன், எதிர் வீட்டு மகளைப் பற்றி நினைக்க வேண்டிய நேரத்தில்.

கரண்ட் போய்விட்டது. மில் ஒரு பெருமூச்சு விட்டுச் சுற்றிச் சுற்றி நின்றது, தெருவில் தறிகள் ஒவ்வொன்றாக அடங்கின, கடைசித் தறி எங்கேயோ நாலு தட்டுத் தட்டி ஓய்ந்தது. இவ்வளவு சத்தத்திலா இருந்தோம் என்று அப்போதுதான் தெரிகிறது. யாரோ ஒரு குழந்தையைத் திட்டுவது, குழாயில் தண்ணீர் சொட்டுவது, எல்லாம் காதுக்குள்ளே நடக்கிற மாதிரி. அப்புறம் எதிர் வீட்டு ஜன்னலிலிருந்து அவள் குரல். "கையை நெஞ்சு மேல வைங்க பாட்டிம்மா. இப்பம் சாயப் போறோம். பயப்படாதீங்க. சாஞ்சாச்சு. அவ்வளவுதான்." வார்டில் அவள் எல்லாருக்கும் சொல்வது, லூர்தம்மாவுக்குச் சொல்வது, அட்சரம் மாறாமல். பாட்டிம்மா என்கிறாள். தன்னைப் பெற்றவளை. அதே நேரம் வாசல் பக்கம் செண்பகவல்லி போனில் பேசுகிறாள், தறிச் சத்தத்துக்குப் பழகிய தொண்டை, சத்தம் நின்றதும் குறைக்கத் தோன்றவில்லை. "ஆமா, வந்துட்டாவ. சேச்சே, கோளாறு ஒண்ணும் தெரியல. அந்த மேடம் முன்னமே போன்ல சொன்னாவல்லா, அங்க படுத்துக் கிடக்கறவங்களைக் குளிப்பாட்டுறது, ஊட்டுறது, பீத்துணி மாத்துறது, எல்லாம் இவங்கதானாம். வந்த உடனே எங்க அத்தையைப் புரட்டிப் போட்டுத் துடைச்சிட்டாவ. ஏட்டி, ரெண்டு வருசத்துல நான் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருக்கேனா? ராசபாளையத்துக்கு வாரேன். ரெண்டு நாள் இருந்துட்டுத்தான் வருவேன். வச்சுக்கிடுவோம், வச்சுக்கிடாம என்ன." கடைசியில் சிரித்தாள். நல்ல சிரிப்பு. வற்றிப்போன அந்த முகத்தில் அது எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது.

வச்சுக்கிடுவோம். என் வேலையில் இதைவிட நல்ல வார்த்தை கிடையாது. இதைக் கேட்பதற்காக மாசக்கணக்காக அலைவோம். கேட்டாகிவிட்டது, எழுந்து போய்ப் பையைக் கொடுக்க வேண்டியதுதான், நான் பெஞ்சை விட்டு எழவில்லை. மேடம் முன்னமே போன்ல சொன்னாவல்லா. சொன்னேன். முப்புடாதி தயங்கித் தயங்கிப் பேசினான், மனசில்லாதவன் இல்லை, பயந்தவன். அவனை எப்படியாவது சரிக்கட்ட வேண்டும் என்று அடுக்கினேன். சமைப்பாங்க, துவைப்பாங்க, முடியாதவங்களைக் குழந்தை மாதிரிப் பார்த்துக்குவாங்க, உங்களுக்கு ஒத்தாசையா இருப்பாங்க. எங்கள் தொழிலில் எல்லாரும் இப்படித்தான் சொல்வோம். அவளால் தொந்தரவு இல்லை என்று மட்டும் சொன்னால் யாரும் கதவைத் திறப்பதில்லை, அதனால் உபயோகத்தைச் சொல்லத் தொடங்குகிறோம், வாய்க்குப் பழகிவிடுகிறது. மாட்டுத் தரகன் பல்லைப் பிடித்துக் காட்டுவதைப் போல. அவளுக்குத் தயிரில் ஆடை பிடிக்கும் என்று சொல்லியிருக்கலாம். டி.வி.யில் சோப்பு விளம்பரத்தில் அந்தக் குழந்தை வழுக்கி விழுகிற இடத்துக்கு ஒவ்வொரு தடவையும் சிரிப்பாள் என்று சொல்லியிருக்கலாம். மழை இரைந்தால் தூங்க மாட்டாள், யாராவது பக்கத்தில் உட்கார வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும், அதைச் சொல்லவே இல்லை. படுத்த படுக்கையாக ஒரு அம்மா இருக்கிற வீட்டில் போய் இதைச் சொல்கிறோமே என்று ஒரு வினாடி தோன்றியிருந்தால் போதும். தோன்றவில்லை. எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது. "கரண்ட் வர நேரம் ஆகும்மா, டப்பாவை வச்சிட்டுப் போறதுன்னா போங்க" என்று மில்லுக்கார அக்கா பொதுவாகச் சொன்னாள். என் ஒரு மணி நேரம் இன்னும் முடியவில்லை. பையை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினேன்.

முப்புடாதி கொட்டகையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தான், அக்கா ஜாடை அப்படியே, மீசை மட்டும் வேறு. "நாங்க பேசிட்டோம் மேடம். அக்கா இங்கயே இருக்கட்டும். நம்ம வீட்டுப் பொம்பளை, எதுக்கு இன்னொரு இடத்துல இருக்கணும்" என்றான். சொல்லும்போது கண் கலங்கியது, நடிப்பில்லை. செண்பகவல்லி அவன் பின்னால் நின்று தலையை ஆட்டினாள். கூடத்தில் வாடை பாதி குறைந்திருந்தது. அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, பழைய வேட்டியை நாலாக மடித்துக் கீழே விரித்திருந்தது. தலைகூட வாரியிருந்தது. ஆவுடையம்மாள் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அந்த விழுந்துபோன கையின் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கிக்கொண்டிருந்தாள். தனியாகக் கேட்க வேண்டும் என்பது விதி. "அக்காட்ட ஒரு வார்த்தை தனியா பேசிக்கிடுதேன்" என்றேன். அவர்கள் நகர்வதற்குள் அவளே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"மேடம், இங்க மாத்துக்கு யாரு வருவா?"

எனக்கு உடனே புரிந்தது, அவர்களுக்குப் புரியவில்லை. எங்கள் வார்டில் மாற்று ஆள் நேரில் வந்து நின்று, நான் பாத்துக்கிடுதேன், நீ போ என்று வாயால் சொன்ன பிறகுதான் அதுவரை இருந்தவள் எழுந்திருக்கலாம். தனம் அக்காவின் சட்டம், அதிலிருந்து யாருக்கும் தப்ப முடியாது. இதோ, ஆசுபத்திரிப் பேச்சு, இன்னும் சரியாகவில்லை என்று நினைத்துவிடப் போகிறார்கள் என்று எனக்குப் பயமாகிவிட்டது. அவர்கள் முன்னால் மழுப்ப வாயைத் திறந்தேன். அதற்குள் தம்பி சிரித்தான்.

"வீட்டுல என்னக்கா மாத்து? நம்ம அம்மால்லா."

"நம்ம அம்மாதான். கண்டதுமே தெரிஞ்சிட்டு" என்றாள் ஆவுடையம்மாள். "மாத்து யாருன்னு கேக்கேன்."

அவன் என்னைப் பார்த்தான். நான் செண்பகவல்லியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது கரண்ட் வந்தது. அணைக்காமல் விட்டிருந்த ஒரு தறி தானாக ஓடத் தொடங்கியது. "இழை அந்து போவும், பிறகு பேசுவோம் மேடம்" என்று அவன் கொட்டகைக்குள் போனான், ஒன்று இரண்டாகி, எல்லாத் தறியும் கிளம்பி, வீடு நடுங்கியது. ஆவுடையம்மாள் அந்தக் கையை மெதுவாகத் தலையணை மேல் வைத்தாள். எழுந்து, முற்றத்துக் குழாயில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள், வார்டை விட்டு வரும்போது கழுவுகிற மாதிரி. ஈரக் கையோடு செண்பகவல்லி பக்கம் போய் அவள் காதருகில் குனிந்து, சத்தத்தில் எனக்கும் கேட்கிற மாதிரி, சொன்னாள். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா இந்தப் பக்கம், அந்தப் பக்கம் மாத்திப் படுக்க வைங்க. புண்ணு ஆறிரும். மாத்துக்கு ஆளு வச்சிட்டுச் சொல்லி விடுங்க, வாரேன்." பிறகு என்னிடம், "பஸ்ஸு எப்பம் மேடம்?" என்றாள். செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். நானும் இறங்கினேன். அவள் என்னைக் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை, அவளே கிளம்பிவிட்டாள் என்பது இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்களிடம் வந்த பிறகு முதல் தடவை. அதுவும் தன் வீட்டுப் படியிலிருந்து இறங்குவதற்கு. எனக்குச் சந்தோஷப்படுவதா, உட்கார்ந்து அழுவதா என்று தெரியவில்லை.

செண்பகவல்லி வாசலில் நின்றாள். ராசபாளையத்துக் கல்யாணம் அவள் முகத்திலிருந்து இறங்கிப் போவதைப் பார்த்தேன். கெஞ்சுவாள் என்று நினைத்தேன், என்னைத்தான் பிடித்துக்கொள்வாள், நீங்கதானே சொன்னீங்க என்று கேட்பாள். அவள் எங்கள் இருவரையும் தாண்டிக் கொட்டகைக்குள் போனாள். தறிகள் எல்லாம் ஒரே சமயத்தில் நின்றன. மெயினையே இழுத்துவிட்டிருக்கிறாள். பக்கத்துத் தெருத் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன, எங்களைச் சுற்றி மட்டும் ஓசை இல்லை. மில்லை இன்னும் ஓட்டத் தொடங்காத அக்கா மாவுக் கையோடு வாசலுக்கு வந்து நின்றாள்.

"மைனி கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு ஓட்டுங்க."

"என்னட்டி இப்பம்? என்ன கேட்டா?"

"மாத்து யாருன்னு கேட்டாவ. ரெண்டு வருசமா நான் கேக்கணும்னு நினைச்சது. எனக்கு இப்படிக் கேக்கத் தெரியல."

முப்புடாதி வெளியே வந்தான். தெருவில் நிற்கிற அக்காவைப் பார்த்தான், என் கையில் இருக்கிற பையைப் பார்த்தான். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம், இந்த மாதிரி நேரத்தில் சொல்வதற்கென்றே எனக்குச் சில வாக்கியங்கள் பழக்கம். பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"ராத்திரிக்கு நான் பாக்கேன்" என்றான், கதவிடம் சொல்கிற மாதிரி.

"எத்தனை மணிக்கு வருவ?" என்று கேட்டாள் ஆவுடையம்மாள்.

"எட்டு."

"பகல்ல நானும் நீங்களும் மைனி, பாதிப் பாதி" என்றாள் செண்பகவல்லி உள்ளேயிருந்து.

ஆவுடையம்மாள் அதைக் கேட்டுக்கொண்டாள். தம்பியை விடவில்லை. "எட்டு மணிக்கு வந்து நின்னு, நான் பாத்துக்கிடுதேன், நீ போன்னு வாயால சொல்லணும். சொன்னாத்தான் எந்திரிப்பேன்."

"சொல்லுதேன்."

"இப்பம் ஒருக்காச் சொல்லு."

தெருவில் வைத்தா என்கிற மாதிரி அவன் அங்கும் இங்கும் பார்த்தான். அவள் நின்றாள். "நான் பாத்துக்கிடுதேங்க்கா" என்றான். அதற்கு மேல் சொல்ல வேண்டியது வாயில் வந்து நின்றுவிட்டது, உதடு மட்டும் கோணியது. காணாமல் போய்ப் பதினோரு வருஷம் கழித்து வாசலில் நிற்கிற அக்காவைப் பார்த்து அந்த ஒரு வார்த்தை அவனுக்கு வரவில்லை.

"நீ... போயிட்டு வா" என்றான்.

அவள் என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.